எல்லைப்புறத்தில் ஓர் ஓவிய ஸ்டுடியோ: கையைக் கடிக்கும் காலத்திலும் தாக்குப்பிடிக்க முழு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய்க் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொழிஞ்சாம்பாறை, அப்புறம் சித்தூர், அப்புறம் பாலக்காடு. மாநிலம் கேரளம், கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். படத்துக்குச் சட்டம் போட கோவை, பேப்பர் வாங்க பாலக்காடு, காட்சி பார்க்க கொச்சி என்று அலைந்துகொண்டே படம் வரைந்து பிழைக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்டர் குறைந்திருக்கிறது, மரச்சட்டம் விலை ஏறியிருக்கிறது, போனில் ஒரு வரி தட்டினால் படம் வந்து விழுகிறது. இந்த நிலைமையில் அறையை மூடாமல், வரைவதில் உள்ள சந்தோஷத்தையும் விடாமல் நடத்துவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். கையை எப்படித் தேர்ச்சியாக்குவது என்று இதில் ஒன்றும் இல்லை. அது வேறு பாடம்.

என் கட்சி ஒன்றுதான். ஸ்டுடியோவின் செலவு எவ்வளவு சின்னதோ, ஓவியருக்கு அவ்வளவு சுதந்திரம். பெரிய அறையும், படத்தைச் சாய்த்து வைத்து வரையும் பெரிய ஈசலும் நல்ல காலத்தில் பெருமை. மோசமான காலத்தில் அவற்றுக்குத் தீனி போடவே படம் வரைய வேண்டி வரும்.

1. அறை மாதம் எவ்வளவு தின்கிறது என்று எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு படமும் விற்காவிட்டாலும், கதவைத் திறந்து வைத்திருப்பதற்கே என்ன ஆகிறது என்று எழுதுங்கள். வாடகை, கரண்ட், காகிதம், வண்ணம், பெட்ரோல், ரீசார்ஜ், டீ. டீயை விட்டுவிடாதீர்கள், வருகிறவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தால் அது பேப்பர் செலவைத் தொடும். உதாரணத்துக்கு வாடகை 3,500, மின்சாரம் 600, சரக்கு 2,200, வண்டி 900, மற்றவை 800 என்றால் மாதம் 8,000 ரூபாய்.

வீட்டுச் செலவு இதில் சேராது. அதற்குத் தனிப் பக்கம். இரண்டையும் கலந்து எழுதினால் நஷ்டம் ஸ்டுடியோவிலா வீட்டிலா என்றே தெரியாமல் போகும். பழி எப்போதும் படத்தின் மேல்தான் விழும்.

மூன்று மாதம் எழுதிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். சின்ன ஆர்டர் ஒன்றால் ஒரு மாத வாடகையைக் கட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அறை பெரிது. வீட்டுத் திண்ணையை அடைத்தோ, இன்னொரு ஓவியரோடு பாதி வாடகை பகிர்ந்தோ சமாளிக்கலாம்.

அடுத்தது ஆடிப் பணம். நம் ஆடியும் மலையாளத்துக் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒரே மாதம்தான், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அந்தப் பக்கம் கல்யாணம் கிடையாது, இந்தப் பக்கமும் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். எல்லையில் இருந்தால் இரண்டு சந்தை உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். அந்த ஒரு மாதம் இரண்டு சந்தையும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே வருகிற ஒவ்வொரு ஆர்டரிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. மொபைல் பேங்கிங் வாங்காத வரை, போனைத் திறந்து உடனே எடுக்க முடியாது.

2. அறையும் வெளிச்சமும்

ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மார்ச் முதல் மே வரை மத்தியானத்தில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும், ஆளும் காய்ந்துபோவார். பழைய ஓட்டு வீடு கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டிலிருந்து தூசியும் பல்லி எச்சமும் விழும். மேலே ஒரு காடாத் துணியை மேற்கட்டியாக இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். கடை முகப்பு உள்ள அறையில் பெரும்பாலும் வணிகக் கட்டண மீட்டர்தான் இருக்கும். யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட அதிகம், பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல்தான் உத்தமம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஐரோப்பாவில் எழுதிய விதி. அங்கே சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே இருக்கும், அதனால் வடக்கு ஜன்னலில் நாள் முழுக்க ஆடாத வெளிச்சம். நாம் இருப்பதோ ஏறக்குறைய வட அட்சம் 10.7 டிகிரியில். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் நேரே கேன்வாஸில் விழும். அதே மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் துளிகூடப் படாது.

ஆகவே இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். சித்திரை பிறந்ததும் ஈசலைத் தெற்கு வெளிச்சத்துக்குத் திருப்புங்கள், ஆவணி பாதியில் மறுபடி வடக்குக்கு. ஒரே ஜன்னல்தான் என்றால் அதில் வெள்ளை மல் துணியை இரட்டையாகக் கட்டுங்கள். ராத்திரி வேலைக்கு சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல், 5000 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம்) என்று அட்டையில் போட்ட எல்ஈடி பல்பு வாங்குங்கள். சாதாரண பல்பின் கீழே தீட்டிய சிவப்பு, காலையில் பார்த்தால் வேறு சிவப்பாக இருக்கும்.

3. விற்பனைக்கு இல்லாத ஒரு மணி நேரம்

இந்தப் படிதான் எனக்கு முக்கியம். நாளின் முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு. அந்த நேரத்தில் வரைவதை விற்கக் கூடாது, போனில் போடக் கூடாது, ஆர்டர் வேலையைத் தொடக் கூடாது. என்ன வரைவது என்பது உங்கள் பாடு. எதிர் வீட்டுப் பனையையே தினமும் வரைந்தாலும் சரி.

நாளின் கடைசியில் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? வைத்துக்கொண்டால் அது நடக்காது, அவ்வளவுதான். மாலைக்குள் ஆர்டர்காரர் கூப்பிடுவார், கரண்ட் போகும், பிள்ளையை டியூஷனில் விட வேண்டும்.

யாரும் பார்க்காத வேலையில் என்ன சந்தோஷம் என்று கேட்கிறவர்களுக்கு, இந்தப் பாலக்காடு ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. பாரதப்புழை வட்டாரத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும். கூத்துமாடம் என்று அதற்கென்றே கட்டிய மேடை; வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு; கதை ராமாயணம், பாடுவது கம்பன் பாட்டு. மலையாள நாட்டுக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் செய்யுள் ஒலிக்கிறது. பத்ரகாளி பார்ப்பதற்காக ஆடுவது என்பது ஐதீகம். அதனால் எதிரே மைதானத்தில் ஓர் ஆள்கூட இல்லாத ராத்திரியிலும், பாவையை ஆட்டிப் பாடும் புலவர்கள் பாட்டையும் உரையையும் சுருக்குவதில்லை, விடிய விடிய நடத்துகிறார்கள்.

அதே கலைஞர்கள் ஊர் ஊராக மேடைக்காக ஒரு மணி நேர நிகழ்ச்சியும் செய்தார்கள். காந்தியின் கதையைப் பாவையாக வெட்டினார்கள், பள்ளிகளில் பயிற்சி கொடுத்தார்கள். ஷொரணூர் பக்கம் கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடை நிகழ்ச்சி சோறு போட்டது, கூத்துமாடம் கூத்தைக் காப்பாற்றியது. ஒன்றுக்காக ஒன்றை அவர்கள் விடவில்லை. மாசி, பங்குனியில் ஒரு ராத்திரி போய், திரைக்குப் பின்பக்கம் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் புகையில் கண் எரியும், ஆனால் எழுந்து வர மனசு வராது.

4. சோற்று வேலை

வாடகை கட்டும் வேலையை நான் சோற்று வேலை என்பேன். இளக்காரமாக இல்லை. அங்கன்வாடிச் சுவர், கடை போர்டு, கல்யாணத்தில் உருவப்படம், கோயில் திருவிழாப் பின்திரை, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எல்லாம் இதில் சேரும். தமிழ், மலையாளம் இரண்டையும் அழகாக எழுதத் தெரிந்தவருக்கு இந்த எல்லையில் இன்றைக்கும் போர்டு வேலை உண்டு. ஃபிளெக்ஸ் கடைக்காரர்களே கையெழுத்து டிசைன் கேட்டு வருகிறார்கள்.

கையால் பிழைத்துக்கொண்டே கலை செய்வது நமக்குப் புதிதில்லை. சென்னைக்குத் தெற்கே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1911-இல் நம் கோயமுத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்த நிலத்தை வாங்க அரசாங்கமோ பணக்காரரோ பணம் தரவில்லை. ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுச் சேர்த்தார்கள். ஒரு பகுதி நேரம் கைவினை, மீதி நேரம் சொந்த ஓவியம் என்று அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாட்டைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிண்ட் போட்டு விற்றால் தூங்கும்போதும் பணம் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. ராஜா ரவிவர்மாவைப் பாருங்கள். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு போனார்கள். அச்சகமோ கடனில் மூழ்கியது, சில ஆண்டுகளில் ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். படம் பிரபலமாவதும் அச்சடிக்கிறவர் பிழைப்பதும் வேறு வேறு. பிரிண்ட் போடுங்கள், ஆனால் பத்துப் பத்தாகப் போடுங்கள். ஐந்நூறு அடித்தால் ஒன்றுக்கு விலை குறையும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். மீதி நானூற்றைம்பதை மழைக்காலத்தில் பாதுகாக்கப்போவது அவர் இல்லை.

இரண்டு நாட்காட்டிகளையும் சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஒட்டியே வரும். ஜூன் தொடக்கத்தில் பள்ளிச் சுவர்கள். ஆவணியில் ஓணம், அதற்கு வேண்டிய வாழ்த்து அட்டையையும் பரிசுப் படத்தையும் ஆடியிலேயே முடித்து வைக்க வேண்டும். படுத்த மாதத்துக்கு அதுதான் நல்ல வேலை. ஆயுத பூஜைக்கு முன் போர்டுக்குப் புது வண்ணம் அடிப்பார்கள். நவம்பரில் கல்பாத்தித் தேர். தைக்குப் பொங்கல். அப்புறம் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை. கொங்குப் படையைப் பகவதி தோற்கடித்ததைக் கொண்டாடும் திருவிழா அது. கொங்குநாட்டு ஆட்கள் நாமும் போய்க் கைதட்டிவிட்டு வருகிறோம். குதிரை, வேஷம், வெடி, தீவெட்டி எல்லாம் இருக்கும், ஸ்கெட்ச் புத்தகம் நிரம்பிவிடும்.

எந்த வேலையானாலும் பாதிப் பணம் முன்னால். அளவு, தேதி, எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள், மீதி எப்போது என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வந்த பிறகு பென்சிலைத் தொடுங்கள். சொந்தக்காரர்களிடம் இதை எப்படிக் கேட்பது என்றால், எல்லாரிடமும் கேட்பது மாதிரியேதான். "மாமா, பேப்பர் வாங்கணும், பாதி போட்டு விட்டுருங்க" என்றால் யாரும் கோபிப்பதில்லை.

5. சரக்கு: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பயிற்சிக்கு எந்தக் காகிதமும் சரி. கேன்வாஸுக்குச் சோமனூர், பல்லடம் பக்கத்துக் காடாத் துணி நன்றாக உழைக்கும். முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும், துணியும் பிறகு சுருங்கும். காய்ந்ததும் சட்டத்தில் இழுத்து அடித்து, வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோ இரண்டு கை பூசினால் போதும்.

விற்கிற படத்தின் வண்ணத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவு டியூபில் ரோஸ், ஊதா, அலிசரின் கிரிம்சன் எல்லாம் வெயில் படும் சுவரில் சில வருஷத்தில் வெளுத்துவிடும். வாங்கியவர் உங்களைத்தான் நினைப்பார். பன்னிரண்டு மலிவு டியூபுக்குப் பதில் நல்ல டியூப் நான்கு வாங்குங்கள்.

மண் நிறங்களைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பாலக்காட்டுக்கு மேற்கே போனால் வெட்டுகல், பொள்ளாச்சிப் பக்கம் செம்மண், நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கமே கரிசல். கேரளச் சுவரோவியத்தின் ஐந்து நிறங்களில் காவியும் மஞ்சளும் இப்படி மண்ணிலிருந்து வந்தவைதான்; மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் நூற்றாண்டுகள் தாண்டியும் நிற்கின்றன. காவி நிறம் இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு அசையாது.

செய்முறை இதுதான். ரோட்டோரம் வேண்டாம், கிணறு வெட்டிய இடத்திலோ அஸ்திவாரம் தோண்டிய இடத்திலோ ஆழத்து மண்ணாக இரண்டு கை எடுங்கள். காயவைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உரலில் இடித்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். பக்கெட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை நிமிஷம் பொறுங்கள். மணல் கீழே போய்விடும், நிறம் தண்ணீரில் நிற்கும். அந்தக் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று தடவை. ராத்திரி அப்படியே வைத்தால் காலையில் மேலே தெளிந்த நீர், கீழே வெண்ணெய் மாதிரி வண்டல். நீரை இறுத்துவிட்டு வண்டலைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

பசைக்கு நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கும். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர். ஒரு ராத்திரி ஊறியதும் துணியில் வடிகட்டி, கால் பங்கு தேனும் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயும் சேருங்கள். தேன் வண்ணத்தை வெடிக்காமல் வைத்திருக்கும், கிராம்பு எண்ணெய் பூசணம் பிடிக்காமல் காக்கும். இனி அரைப்பது. தடித்த கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பசையை ஊற்றி, அடி தட்டையான கண்ணாடி டம்ளரால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். முதலில் கரகரவென்று காது கூசும். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் இறங்கும். அரை மணி நேரத்தில் சத்தமே நின்று, டம்ளர் பலகையில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அதுதான் பதம். சிப்பியிலோ பாட்டில் மூடியிலோ கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக் காயவிடுங்கள்.

காகிதத்தில் தீட்டி, காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். பொடி ஒட்டினால் பசை போதவில்லை, பளபளத்து வெடித்தால் பசை அதிகம். ஆர்டர் இல்லாத வாரத்தில் இந்த வேலையைச் செய்து பாருங்கள். கை ஓயாது, செலவில்லை, முடிவில் ஒரு நிறம் கையில் இருக்கும். மனசு சரியில்லாத நாளில் எனக்கு இதைவிடப் பெரிய மருந்து தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. மஞ்சள் தூள், பீட்ரூட், செம்பருத்தி எல்லாம் அழகாகப் பிடிக்கும், வெயிலில் ஓடிவிடும். விற்கிற படத்தில் வேண்டாம். அதே நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கமும் தாளகமும் கிடைக்கும், பழைய ஓவியர்கள் பயன்படுத்தியவைதான். முதலாவது பாதரசம், இரண்டாவது ஆர்சனிக். அரைக்கவே அரைக்காதீர்கள்.

எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு இன்னொன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காய்கிற சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடி போட்ட டின்னில் போடுங்கள். டர்பன்டைனைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

6. மழையும் ஆடிக் காற்றும்

பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். ஜூனிலிருந்து மேற்குக் காற்று அந்த வாசலில் பாய்ந்து வரும். கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் மழை குறைவு, காற்றும் புழுதியும் அதிகம். மேற்கே போகப் போக ஈரம். புழுதி உள்ள இடத்தில் ஆடியில் எண்ணெய் வண்ணம் தீட்டினால் ஈரமான பரப்பில் மண் படிந்துவிடும். அந்த மாதங்களில் நீர்வண்ணம், பென்சில், மரக்கட்டை அச்சு என்று மாறிக்கொள்வது நல்லது.

ஈரம் உள்ள இடத்தில் எதிரி பூஞ்சை. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும். 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தைத் தகர டிரங்குப் பெட்டிக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், சமையல் வாணலியில் மட்டும் வேண்டாம். கற்பூரமும் வேப்பிலையும் பூச்சிக்குச் சரி, பூஞ்சைக்குப் போதாது. மாட்டிய படத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். படத்தோடு அந்தத் தக்கையையும் கொடுத்து அனுப்புங்கள், வாங்குகிறவர் வீட்டுச் சுவரும் ஓதம் காப்பதுதான்.

7. விலை, பில், எல்லை தாண்டுவது

12-க்கு 16 அங்குல நீர்வண்ணம் ஒன்று என்று வையுங்கள். சரக்கு 250, ஒன்பது மணி நேரம் மணிக்கு 150 வீதம் 1,350, சட்டம் 700. ஆக 2,300. கடையில் வைத்தால் கடைக்காரர் 30 சதவீதம் எடுப்பார். இங்கேதான் பலர் கணக்கு தப்புகிறது. 2,300-உடன் 30 சதவீதம் சேர்த்து 2,990 என்று போட்டால், அவர் 897 எடுத்த பிறகு உங்கள் கையில் 2,093-தான். 2,300-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். 3,286 வரும், 3,300 என்று போடுங்கள். பொள்ளாச்சியில் ஒரு விலை, கொச்சியில் ஒரு விலை என்று வைக்காதீர்கள், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே போனில்தான் பார்க்கிறார்கள்.

கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. பதிவு வேண்டுமா வேண்டாமா என்பதற்கான விதி, மாநிலத்துக்குள் விற்றால் ஒரு மாதிரி, மாநிலம் தாண்டினால் வேறு மாதிரி. கோபாலபுரம் தாண்டிப் படம் அனுப்புகிற நாம் எல்லாரும் அந்த இரண்டாவது வகை. கைவினைப் பொருளுக்குச் சலுகையும் உண்டு. ஒரு தடவை ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் ஏஜென்ட்டைத் தாண்டி நேரே அரசு தளத்தில் செய்யுங்கள். கைத்தொழில் செய்கிறவர்களுக்காக 2023-இல் வந்த மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். சிற்பியும் பொம்மை செய்கிறவரும் உண்டு, ஓவியர் இல்லை. களிமண் பொம்மையும் செய்கிறவர்கள் உங்கள் மாநிலத்தில் அது நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள், நடந்தால் பிணை இல்லாமல் 5 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும். கேரளத்தில் குடியிருப்பவர்களுக்குத் திருச்சூரில் உள்ள, ஓவியம் சிற்பத்துக்கான லலிதகலா அகாடமி இருக்கிறது. அதன் அறிவிப்புகள் மலையாளத்தில்தான் வரும் என்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் படித்துச் சொல்வார்.

8. கூட்டாளிகள்

மாதம் ஒரு ஞாயிறு, நான்கைந்து பேர், ஆளுக்கொரு வேலையைக் கொண்டுவந்து பார்ப்பது. பாராட்டுக்கூட்டம் ஆக்காதீர்கள், எந்த இடத்தில் கண் நிற்கிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று மட்டும் பேசுங்கள். கூரியர், மொத்தமாகப் பேப்பர், கோவைக்கு ஒரே வண்டி என்று செலவும் பங்காகும். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் வருஷங்களில் காலை ரயிலில் சேர்ந்து போய் வரலாம். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கியது அது. பெரிய கூடங்களைவிட, கூடவே நடக்கும் மாணவர் பினாலேயில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. காசில்லாமல் என்னென்ன செய்ய முடியும் என்று அங்கே தெரியும்.

9. ஒன்றுமே வராத மாதம்

வரும். அப்போது செய்ய வேண்டியவற்றை நல்ல மாதத்திலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு தனிச் செய்தி, பொதுவாக எல்லாருக்கும் அனுப்பும் செய்தி இல்லை. விற்காத படங்களுக்கு நல்ல போட்டோ. சட்டங்களைத் துடைத்தல். மண் நிறம் அரைத்தல். விலையைப் பாதியாக்கி விற்பது இந்தப் பட்டியலில் வேண்டாம், போன மாதம் முழு விலைக்கு வாங்கியவரும் அதைப் பார்ப்பார்.

தூக்கம் கெட்டு, காலை ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாத அளவுக்கு மனசு இறங்கினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

ஆடிப் பணமும் தீர்ந்து, இரண்டு மாத வாடகை பாக்கி விழும் நிலை என்றால், மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காமல் அறையைக் காலி செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டால் முன்பணத்தில் பிடித்தம் குறையும். வெள்ளையடிக்கும் செலவை அவர் கழிப்பார், நீங்கள் மாட்டிய ஃபேனையும் டியூப் லைட்டையும் நீங்கள் கேளுங்கள். பிரஷ்களைச் சோப்பில் கழுவி முனை கூர்த்து, நின்ற வாக்கில் வையுங்கள். எண்ணெய்ப் படங்களை முகத்துக்கு முகம் ஒட்டாமல் நடுவே அட்டை வைத்துக் கட்டுங்கள். ஈசலை விற்காதீர்கள், கழற்றினால் கட்டிலடியில் போய்விடும். வீட்டில் ஜன்னலோரம் இரண்டடி மேஜைக்கு இடம் பிடித்த பிறகுதான் வண்டிக்குச் சொல்லுங்கள், மறுநாள் காலையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு உட்கார இடம் வேண்டும்.